மல்லி மொட்டு உதிருதா? தண்ணிய கொஞ்சம் நிறுத்திப் பாருங்க

தொட்டி மல்லிக்கு காலை சாயங்காலம் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தியும் அடி இலையெல்லாம் மஞ்சளாகி மொட்டு கொட்டுதுன்னு சொல்றீங்க, எனக்கு தண்ணி ஜாஸ்தியானதுதான் காரணம்னு தோணுதுங்க. மண்ணு எப்பவும் சொதசொதன்னு இருந்தா வேருக்கு காத்து கிடைக்காம அழுக ஆரம்பிச்சிடும், அப்புறம் எவ்ளோ ஊத்துனாலும் செடியால உறிஞ்ச முடியாது. முதல்ல தொட்டியோட அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க, நிறைய தொட்டில பிரச்சனையே அங்கதான். அப்புறம் விரலை 2 இன்ச் உள்ள விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னிக்கு ஊத்தவே வேணாம், காஞ்சிருந்தா காலைல ஓட்டை வழியா வடியுற வரைக்கும் நல்லா ஊத்துங்க, தட்டுல தேங்குறத கொட்டிடுங்க. அதுக்காக மொட்டு வெச்ச நேரத்துல சுத்தமா காயவும் விட்றாதீங்க ப்ளீஸ், அப்பவும் உதிரும்.