எனக்கு வரவில்லையே

அன்புள்ள சார்,

மூன்று மாத சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் முடித்திருக்கிறேன். 40 இடங்களுக்காவது விண்ணப்பித்திருப்பேன், ஒரு அழைப்பும் இல்லை. ஃப்ரெஷர் வேலை என்று போட்டுவிட்டு ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். கோடிங் வராதவர்கள் போகிற வேலை என்று நண்பர்கள் கேலி வேறு. ஐஎஸ்டிகியூபி என்ற டெஸ்டிங் சான்றிதழ் வாங்கினால் பலன் இருக்குமா? ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

ரெஸ்யூமேயைப் பார்த்தேன். 'மேனுவல், ரெக்ரஷன், ஸ்மோக், ஜிரா' என்று டெஸ்டிங் வகைகள், கருவியின் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. உங்களோடு கோர்ஸ் முடித்த அத்தனை பேரும் இதையேதான் எழுதியிருப்பார்கள். பார்ப்பவர் எதை வைத்து உங்களைக் கூப்பிடுவார்?

தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து இரண்டு நாள் நோண்டுங்கள். (பாதுகாப்பு ஓட்டை தேடிப் போக வேண்டாம், அது அனுமதி வாங்கிச் செய்கிற காரியம்.) கிடைக்கும் பக்குகளில் (பிழைகளில்) மூன்றை ஒழுங்காக எழுதி, ரெஸ்யூமேயின் தலையிலேயே இணைப்பைக் கொடுங்கள். ஒரு வருட அனுபவம் கேட்டாலும் அனுப்புங்கள்.

அந்த 'ஒழுங்காக'வில்தான் விஷயமே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதிய பக்: 'லாகின் வேலை செய்யவில்லை.' அவ்வளவுதான். பத்தே நிமிடத்தில் 'எனக்கு வரவில்லையே' என்று டெவலப்பர் மூடிவிட்டார். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார். எனக்குக் கோபமான கோபம். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. நான் கடவுச்சொல்லை மின்னஞ்சலிலிருந்து காப்பி செய்து ஒட்டியிருக்கிறேன். கடைசியில் ஒரு ஸ்பேஸும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் கையால் அடித்துப் பார்த்திருக்கிறார். எந்த பில்ட் (மென்பொருளின் எந்தப் பதிப்பு), எந்த ப்ரவுசர், வரிசையாக என்னென்ன செய்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அது பக்தானா என்று அப்புறம் ஒரு மீட்டிங் போட்டது தனிக்கதை.

கேலி செய்யும் நண்பர்களிடம் ஏரியன் 5 பற்றிக் கேளுங்கள். 1996 ஜூன் 4 அன்று, கிளம்பிய 40 நொடிக்குள் சிதறிய ராக்கெட். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கப் போய் வந்த வினை. அதற்கு முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இல் சமர்த்தாக ஓடிய கோட்தான். எழுதியவர்களுக்குக் கோடிங் வராமல் இல்லை. புதிய ராக்கெட் போகும் பாதையை வைத்து அதை ஓட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

இதையே இன்டர்வியூவில் சின்னதாகக் கேட்பார்கள். படிவத்தில் வயதை நிரப்பும் கட்டம் 18 முதல் 60 வரை ஏற்கும், எப்படிச் சோதிப்பீர்கள்? 17, 18, 60, 61 என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். நீங்களும் சொல்லுங்கள், காலியாக விடுவது, 18.5, மைனஸ் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், 18 முடிந்திருக்க வேண்டுமா, நடந்தாலே போதுமா என்று திருப்பிக் கேளுங்கள். அப்படிக் கேட்ட ஆளை நானாக இருந்தால் விடமாட்டேன்.

சான்றிதழா? அடிப்படைத் தேர்வில் 40 கேள்வி, 65 சதவீதம் வாங்கினால் பாஸ். துறைச் சொற்கள் பழகும், சில இடங்களில் கேட்கவும் செய்வார்கள். கையில் காசு இருந்தால் எழுதுங்கள், கடன் வாங்கி வேண்டாம். முதலில் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் படியுங்கள். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தாலும் நம்பாமல் டேட்டாபேஸைத் திறந்து பார்க்க அது வேண்டும்.

அந்த மூன்று பக்குகளை எனக்கும் அனுப்புங்கள். 'எனக்கு வரவில்லையே' என்று மூட முடிகிறதா பார்க்கிறேன்.