ஆலோசனை அறையில் சொன்னது வெளியே போகுமா?

திருமண, குடும்ப ஆலோசகர்களின் சட்டக் கடமை, தொழில் நெறி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. பாதி ஆலோசகர்கள் கேட்டவை, பாதி ஆலோசனைக்குப் போனவர்கள் கேட்டவை. நான் நாகர்கோவிலில் இந்த வேலையைச் செய்பவள், வக்கீல் இல்லை. கோர்ட்டில் வழக்கு நடக்கிறவர்கள் உங்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

மார்த்தாண்டம்: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன் அக்கா. ‘குடும்பநல ஆலோசனை மையம்’ என்று போர்டு வைக்க லைசென்ஸ் வேண்டுமா?

அமெரிக்காவில் இதற்கென்றே தனி லைசென்ஸ் உண்டு. கலிபோர்னியாவில் 1963-லேயே வந்தது. 2009-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படித் தனி உரிமம் கிடையாது. அதற்காக எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள் தம்பி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவில்லாமல் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளர், ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லாரும் வருகிறார்கள். ஆகவே மாநில கவுன்சில் பதிவு பற்றிய அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

போர்டில் உங்கள் பெயர், படிப்பு இரண்டும் போதும். வாரக் கடைசியில் ஆன்லைனில் வாங்கிய சர்டிபிகேட்டைப் பெயருக்குப் பின்னால் மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பணம் வாங்கினால் ரசீது கொடுங்கள். பணம் வாங்கிச் செய்யும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது உங்களிடம் வருகிறவர்களுக்கும் தெரியும்.

தக்கலை, ஓர் ஆலோசகர்: கணவர் தனியாக வந்த அன்று, இன்னொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது என்று சொன்னார். மனைவிக்குத் தெரியக் கூடாதாம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள். நான் என்ன செய்ய?

முதல் நாள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? எல்லாம் அதைப் பொறுத்துத்தான். இந்தத் தொழிலில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை முதல் நாள் பேசாமல் விட்டதால் வந்தவை.

தம்பதிகளுக்கு ஆலோசனை தரும்போது நமக்குக் கட்சிக்காரர் கணவரா, மனைவியா, இரண்டு பேருமா? அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது: ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் எழுத்தில் அனுமதி தராமல் மற்றவரிடம் சொல்லக் கூடாது. நமக்கு அது சட்டம் இல்லை, ஆனாலும் பின்பற்றத் தகுந்தது. என் மேசையில் ஒரு பக்கத் தாள் இருக்கும். முதல் அமர்வில் வாசித்துக் காட்டி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவேன். அதில் இரண்டாவது வரி இப்படி இருக்கும்: ‘தனியாக வரும்போது நீங்கள் சொல்வதை நானாக உங்கள் துணையிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மறைத்தால்தான் ஆலோசனை நடக்கும் என்ற நிலை வந்தால் நிறுத்திவிடுவேன்.’ கையெழுத்துப் போடும்போதே சில பேர் முகம் மாறும்.

உங்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் மனைவியிடம் நீங்கள் சொல்லக் கூடாது. ஒன்றும் தெரியாதவர் மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரவும் கூடாது. அடுத்த வாரத்துக்கு முன்னால் கணவரை மட்டும் கூப்பிடுங்கள். “நீங்களே சொல்லுங்கள், சொல்லும்போது நான் கூட இருக்கிறேன். முடியாது என்றால் சேர்ந்த அமர்வு என்னால் நடத்த முடியாது, வேறொருவரிடம் அனுப்புகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். மனைவி காரணம் கேட்டால், “தொடர்வது முறையாக இருக்காது” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

திங்கள்சந்தை: பதினாறு வயதுப் பெண்ணையும் இருபத்திரண்டு வயதுப் பையனையும் இரண்டு வீட்டாரும் கூட்டி வந்தார்கள். உடலுறவு ஏற்பட்டிருக்கிறது. “வெளியே தெரியாமல் பேசி முடித்து, பதினெட்டு ஆனதும் கட்டி வைக்கிறோம்” என்கிறார்கள். நான் ரகசியம் காக்க வேண்டியவள்தானே?

இல்லை மக்ளே. இந்த ஒரு இடத்தில் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவு ‘எந்த நபரும்’ என்றுதான் சொல்கிறது. டாக்டர், ஆலோசகர், பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் விலக்கு இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் மீது குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அவள் விரும்பித்தான் போனாள் என்பது இந்தச் சட்டத்தில் எடுபடாது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது.

இதில் எனக்கும் வருத்தம் உண்டு. பதினாறு வயதில் காதலித்த பிள்ளைகளைக் கோர்ட் வாசலில் நிறுத்துவதுதான் நியாயமா என்று நீதிமன்றங்களே கேட்டிருக்கின்றன. ஆனால் சட்டம் மாறும்வரை, இது காதலா கொடுமையா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. காதல் என்று சொல்லிக் கூட்டிவரப்பட்ட பெண், தனியாக உட்கார வைத்ததும் வேறு கதை சொன்னதும் உண்டு.

எப்படிச் சொல்வது என்பதில்தான் நெறி இருக்கிறது. முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாக, “இதை நான் சொல்லியாக வேண்டும், உன்னைத் தண்டிக்க இல்லை, அடுத்து என்னென்ன நடக்கும் என்று இப்போதே சொல்கிறேன்” என்று விளக்குங்கள். அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். கூட வர ஆள் கிடைக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, யாரிடம் சொன்னீர்கள் என்று உங்கள் பதிவேட்டில் எழுதி வையுங்கள். வீட்டார் உங்கள் மேல் பாய்வார்கள். பாயட்டும்.

குளச்சல்: கணவர் குடித்துவிட்டு அடிப்பார். புகார் கொடுத்தபோது கவுன்சலிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர், “நீ வாயை அடக்கினால் அவன் ஏன் கை நீட்டப்போகிறான்” என்று கேட்டார். இது சரியா அக்கா?

சரியில்லை தங்கச்சி. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழ் நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கு 2006-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. அடித்ததற்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க ஆலோசகர் அனுமதிக்கக் கூடாது என்று 14-ஆவது விதி நேராகவே சொல்கிறது. இனி நடக்காது என்று அவரிடம் உறுதி வாங்குவதுதான் ஆலோசகரின் வேலை. சமரசப் பேச்சு என்பது நீங்கள் விரும்பினால் மட்டும். வழக்கில் சொந்த நலன் உள்ளவரோ, ஒரு தரப்புக்குச் சொந்தக்காரரோ ஆலோசகராக உட்காரக் கூடாது; இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் வேறு விஷயம்.

உங்களை நீதிமன்றம் அனுப்பவில்லை, காவல் நிலையத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. விதி நேரடியாகப் பொருந்தாது என்று சிலர் வாதாடலாம். ஆனால் தொழில் நெறி எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அடி நடக்கும் வீட்டில் எடுத்த எடுப்பிலேயே இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது. இங்கே வாய் திறந்து சொன்னதற்கு மனைவி வீட்டில் போய் அடி வாங்குவாள். தனித்தனியாகக் கேட்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பப் பயமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நீங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நேராகவே மனு கொடுக்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

கருங்கல்: பெண் வீட்டார் நோட்டோடு வந்து, எத்தனை பவுன் போட்டோம், எவ்வளவு ரொக்கம் கொடுத்தோம் என்று எழுதியதில் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

போடாதீர்கள். அது வக்கீல் ஆபீஸ் வேலை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கான ஒப்பந்தம் செல்லவும் செல்லாது. நடுவர் என்று உட்கார்ந்தவர் ஒரு பக்கத்து நோட்டில் கையெழுத்துப் போட்ட நிமிடமே மற்ற பக்கத்துக்கு எதிராளி.

பூதப்பாண்டி: எங்கள் விவாகரத்து வழக்கில், ஆலோசகரிடம் நான் சொன்னதை எல்லாம் கோர்ட் கேட்டு வாங்க முடியுமா?

முடியும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆலோசகரிடம் சொன்னதற்கு அப்படி ஒன்று எழுதப்படவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. அதிலும் பிறருக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. சாதாரணக் குடும்ப ஆலோசகர்கள் பலர் அந்தச் சட்டத்தின் ‘மனநல நிபுணர்’ என்ற வரையறைக்குள் வருவதும் இல்லை. குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கென்றால் இன்னும் கவனம்: குழந்தையின் நலன் பற்றி ஆலோசகர் தரும் அறிக்கையை ரகசியம் என்று ஒதுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பெரி கன்சாக்ரா வழக்கில் சொல்லிவிட்டது.

ஆலோசகர்களுக்கு: வக்கீல் போனில் கேட்டார் என்பதற்காகக் கோப்பைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அது உத்தரவு இல்லை. சம்மன் வந்தால் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லிவிட்டு, கேட்டதை மட்டும் கொடுங்கள். குறிப்பு எழுதும்போதே, நாளை நீதிபதி இதை வாசிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். ‘மனைவி பொய் சொல்கிறாள்’ என்று எழுதுவதற்குப் பதில், அவர் சொன்னது இது, நான் பார்த்தது இது.

குழித்துறை: சர்ச் தீர்ப்பாயத்தில் எங்கள் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் ஆலோசகர், “இனி மறுமணம் செய்யலாம்” என்றார். சரிதானே?

கோர்ட்டிலும் தீர்ப்பு வாங்காமல் மறுமணம் செய்யாதீர்கள். சர்ச் தீர்ப்புக்குத் திருச்சபைக்குள் மதிப்பு உண்டு, சட்டத்தின் முன் திருமணம் அப்படியே நிற்கும். 1996-லேயே மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மறுமணம் இருதார மணக் குற்றமாகிவிடும். தெரியாத சட்டத்தை ஆலோசகர் தெரிந்த மாதிரி சொல்வதும் நெறி மீறல்தான்.

இரணியல்: மகன் ஆண்களைத்தான் பிடிக்கும் என்கிறான். மாற்றித் தர முடியுமா மேடம்?

முடியாது, முயலவும் கூடாது. அப்படி ‘மாற்றும்’ சிகிச்சைக்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை சொன்னது. டாக்டர்கள் செய்தால் தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்தது. நீங்களும் வீட்டுக்காரரும் வாருங்கள், உங்கள் பயத்தைப் பற்றிப் பேசலாம். அவனைக் கூட்டி வர வேண்டாம்.

குவைத்திலிருந்து, ஊர் அருமனை: வீடியோ காலில்தான் ஆலோசனை நடக்கிறது. மனைவி அதை ரகசியமாக ரெக்கார்ட் செய்கிறாள் என்று சந்தேகம்.

செய்தால் தடுக்க நல்ல வழி இல்லை. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஆலோசகரிடம் அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே, யாரும் பதிவு செய்வதில்லை என்று இரண்டு பேரிடமும் கேட்டு ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். ஆலோசகரும் பதிவு செய்யக் கூடாது. செய்வதென்றால் இருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்புறம், லேபர் கேம்ப் அறையில் நாலு பேர் படுத்திருக்கும்போது ஸ்பீக்கரில் பேசாதீர்கள் தம்பி. ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள்.