வெங்காயம் கிண்டுமட்டும்

அன்புள்ள ஐயா,

என் தம்பி இரண்டாம் தடவையும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்து, மருத்துவபீட வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்டான். முடிவு வந்து மூன்று கிழமையாகிறது. அறையை விட்டு வெளிக்கிடுவதில்லை. சாப்பாடும் அரைவயிறுதான். வருகிற சொந்தக்காரர் ஆளுக்கொரு புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்கு அந்த வயதில் சொல்லப்பட்டவற்றில் எது உதவியது? நான் அவனுக்கு என்ன சொல்ல?

ச., கொக்குவில், யாழ்ப்பாணம்

அன்புள்ள தங்கச்சி,

நானும் அப்படி அறைக்குள் கிடந்தவன்தான். 1995இல் என் முடிவு வந்தது. அப்போது நான்கு பாடங்கள்; மூன்றில் எஸ், அதாவது வெறும் சித்தி; ஒன்றில் எஃப், சித்தியில்லை. படிப்பையும் ஊரையும் விட்டுப் போய்விடுவதென்று அன்றிரவே முடிவெடுத்தேன். "அவன்ரை பெடியனைப் பார், இவன்ரை பெடியனைப் பார்" என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு ஆள் வந்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பெரியப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் விடியப்புறம் வந்து, "எழும்பு, தண்ணி மாற ஆளில்லை" என்றார். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். எண்ணெய் இல்லாமல் வோட்டர் பம் சாக்கால் மூடிக் கிடந்தது. கிணற்றில் தண்ணி இறைக்கிற பழைய துலாவைத்தான் திரும்ப நாட்டியிருந்தார்கள். அண்ணா துலா மிதிப்பார், பெரியப்பா பட்டை பிடித்து இறைப்பார். எனக்குத் தண்ணி மாறுகிற வேலை. செம்மண் வாய்க்காலில் தண்ணி ஓடிவரும். மண்வெட்டியால் வரம்பை வெட்டிப் பாத்திக்குள் விட்டு, நிறைந்ததும் அதே மண்ணை இழுத்து அடைத்துவிட்டு அடுத்ததை வெட்டவேண்டும். கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றால் வரம்பு உடைந்து, நட்ட வெங்காயம் வேரோடு மிதக்கும். முதல் நாள் இரண்டு பாத்தியை உடைத்தேன். பெரியப்பா ஏசவில்லை. வந்து கட்டிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து கிணற்றுக்கட்டில் இருந்தபோதுதான் சொன்னார்: "எங்கையும் போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனால் வெங்காயம் கிண்டுமட்டும் ஒண்டும் முடிவெடுக்காதை. பிறகு கதைப்பம்."

இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான் கேட்டார். "எல்லாம் சரிவரும்" என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நாளைக் குறித்துக் கேட்டதால் ஒத்துக்கொண்டேன். உடம்பு அலுத்ததில் நித்திரை வந்தது, நித்திரை வந்ததில் பசித்தது. வெங்காயம் கிண்டிப் பிடி கட்டித் தூக்கின அன்று பின்னேரம், "இப்ப சொல்லு" என்றார். திரும்பச் சோதினை எடுக்கப்போகிறேன் என்றேன். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிளேன்ரீயை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அவருடைய சைக்கிள் ஹாண்டிலில் விதைவெங்காயப் பிடி ஒன்று தொங்கியது. சோதினையைப் பிறகு எப்படியோ எடுத்தேன். அது பெரிய கதை.

என்னைக் கெடுத்த புத்திமதியும் உண்டு. அப்பாவின் செத்தவீட்டில் "ஆம்பிளைப்பிள்ளை அழக்கூடாது" என்றார்கள். கேட்டு நடந்தேன். வருடக்கணக்காக நித்திரை இல்லை. கடைசியில் கிளினிக்கில் ஒரு டொக்டர், "எத்தினை நாளா இப்பிடி?" என்று கேட்டபோது அவர் மேசையிலேயே அழுதேன். ஆகவே தம்பி அழுதால் தடுக்காதீர்கள்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியட்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அவனுடைய இசட் புள்ளியோடு (அனுமதிக்குக் கணக்கிடுகிற தரப்படுத்திய புள்ளி) வேறு மாவட்டத்துப் பிள்ளை உள்ளே போயிருக்கலாம். வெட்டுப்புள்ளி அவனுடைய மூளையை நிறுத்துப்பார்த்த தராசு இல்லை. மூன்றாம் தடவையும் எடுக்கலாம், விடலாம். ஆனால் அதை இந்தக் கிழமை கேட்காதீர்கள்.

இதையெல்லாம் அறை வாசலில் நின்று சொல்லவேண்டாம். வளவில் ஏதாவது வேலையை நீங்கள் தொடங்கி, ஆள் காணாது என்று கூப்பிடுங்கள். வராவிட்டால் நாளைக்கும் கூப்பிடுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு சொல் அவன் வாயில் வந்தால் மட்டும் பொறுத்திருக்கக்கூடாது. அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியே விடாதீர்கள். இரவென்றாலும் 1926க்கு அழைக்கலாம். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது.

அடுத்த கிழமை எனக்கு எழுதுங்கள். அவன் என்ன முடிவெடுத்தான் என்று வேண்டாம். இரவில் எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறான், காலமை என்ன சாப்பிட்டான், அதை எழுதுங்கள்.