முள்ளைப் பார்

கேள்வி: அமெரிக்காவில் 2022 நவம்பர் இடைத்தேர்தலில் ஜெயித்த குடியரசுக் கட்சி, தன் சொந்த ஆளைச் சபாநாயகர் ஆக்க 15 தடவை ஓட்டெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. உலகமே வேடிக்கை பார்த்தது. கட்சிக்குள் கதவைச் சாத்திப் பேசி முடித்துவிட்டுச் சபைக்கு வந்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்குமே? — வாசகர், பட்டுக்கோட்டை.

பதில்: முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். அது இடைத்தேர்தல் இல்லை. ஓர் உறுப்பினர் இறந்தோ விலகியோ இடம் காலியானால் வருவதுதான் இடைத்தேர்தல். அதிபரின் நாலு வருஷத்துக்கு நடுவில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும் வருவது இடைக்காலத் தேர்தல். எங்கள் உதவி ஆசிரியர்களிடம் இதை இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். இன்னும் தப்பாகவே வருகிறது. நீங்கள் கேட்ட கதையிலேயே அசல் இடைத்தேர்தலும் ஒன்று உண்டு. வர்ஜீனியாவில் ஜெயித்த ஜனநாயகக் கட்சியின் டொனால்ட் மெக்கீச்சின் அதே நவம்பர் கடைசியில் இறந்துபோனார். அவருடைய தொகுதிக்கு 2023 பிப்ரவரியில் நடந்தது இடைத்தேர்தல். அதனால் ஜனவரி 3-ஆம் தேதி சபை கூடியபோது இருந்தவர்கள் 434 பேர். இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, நீங்கள் எழுதிய இன்னொரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது: வேடிக்கை.

சின்ன வயதில் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது ஒன்றுதான் சொல்லி அனுப்புவாள். "கல்லைப் போடும்போது முள்ளைப் பார்த்துக்கிட்டே நில்லு." அரைக் கிலோ துவரம்பருப்பு. கடைக்காரர் பருப்பைத் தட்டில் கொட்டியபடியே எந்த வகுப்பு, அப்பா ஊரில் இருக்கிறாரா என்று கேட்பார். நான் பதில் சொல்வேன், ஆனால் கண்ணைத் தராசிலிருந்து எடுக்கமாட்டேன். முள் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்பேன். "என்னடா வேடிக்கை பார்க்கிறே?" என்று அவர் கேட்டதும் உண்டு. நம் மொழியில் வேடிக்கை பார்ப்பவனை வேலையற்றவன் என்று திட்டுகிறோம். எனக்கு அந்தத் திட்டில் என்றைக்கும் உடன்பாடு கிடையாது. பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பையன் இருந்தால்தான் தராசு நேராக நிற்கும்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இந்தத் தராசு மற்ற நாட்களில் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். 1979-லிருந்து அங்கே நேரடி ஒளிபரப்பு உண்டு. சி-ஸ்பான் சேனல் காட்டுகிறது. ஆனால் கேமரா சி-ஸ்பானுடையது இல்லை, சபையுடையது. மேடையையும் பேசுகிறவரையும் தவிர அது அதிகம் காட்டாது. எதிரே ஆள் இருக்கிறார்களா, காலி நாற்காலியா என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. 1980-களில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச். அன்றைய வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு அவரும் கூட்டாளிகளும் எழுந்து ஜனநாயகக் கட்சியைச் சரமாரியாகத் தாக்குவார்கள். டிவியில் பார்த்தால், எதிர்த்தரப்பு வாயடைத்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். 1984 மே மாதம் சபாநாயகர் டிப் ஓ'நீல் கேமராவைத் திருப்பச் சொன்னார். முன்னறிவிப்பு கிடையாது. காலி நாற்காலிகள் நாடு முழுக்கத் தெரிந்தன. பெரிய ரகளை ஆனது. அதில் கிங்ரிச்சின் பெயர்தான் இன்னும் பெரிதானது. 1994 இடைக்காலத் தேர்தலில் 40 வருஷத்துக்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை வந்தது, அவர் சபாநாயகர் ஆனார். 1998 இடைக்காலத் தேர்தலில் 5 இடங்கள் குறைந்தன. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் விலகப்போவதாக அறிவித்தார்.

நீங்கள் விரும்புகிற மாதிரி கதவைச் சாத்திப் பேசி முடித்தது அப்போதுதான் நடந்தது. கிங்ரிச்சுக்கு அடுத்து பாப் லிவிங்ஸ்டன் என்று கட்சி முடிவு செய்திருந்தது. கிளிண்டன் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடும் நாளில், 1998 டிசம்பர் 19 அன்று, தன் சொந்த விவகாரம் வெளியே வந்துவிட்டதால் லிவிங்ஸ்டன் சபையிலேயே எழுந்து தனக்குப் பதவி வேண்டாம் என்றார். பொழுது சாய்வதற்குள் டென்னிஸ் ஹாஸ்டர்ட் பெயர் முடிவாகிவிட்டது. ரகளை இல்லை, 15 சுற்று இல்லை, மானமும் போகவில்லை. 8 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். 2016-ல் அவருக்கு 15 மாதச் சிறை. பள்ளியில் மல்யுத்தப் பயிற்சியாளராக இருந்தபோது மாணவர்களிடம் செய்த பாலியல் கொடுமையை மறைக்கப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்த முறைக்காகத் தண்டனை. பகிரங்கமாகப் போட்டி நடந்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அரை நாளில் ஒரு மனிதரை யாராலும் எடை போட முடியாது.

2022-லும் கதவைச் சாத்திய கூட்டம் நடக்காமல் இல்லை. நவம்பர் 15-ஆம் தேதி, சபாநாயகர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று குடியரசுக் கட்சிக்குள் ரகசிய ஓட்டு: கெவின் மெக்கார்த்தி 188, ஆண்டி பிக்ஸ் 31. மறுநாள் செனட்டில் அதே கட்சியின் தலைவர் பதவிக்கு மிட்ச் மெக்கானல் 37, ரிக் ஸ்காட் 10. ஜனநாயகக் கட்சியில் நான்சி பெலோசி ஒதுங்கிக்கொண்டார், சபையில் அந்தக் கட்சியின் தலைவராக ஹக்கீம் ஜெஃப்ரிஸ் போட்டியில்லாமல் வந்தார். எல்லாம் நீங்கள் கேட்டபடிதான். குடியரசுக் கட்சியின் அந்த 31 பேர் யார் யார் என்று அன்று வெளியே தெரியவில்லை. ஜனவரி 3-ஆம் தேதி சபையில் ஓட்டுச்சீட்டுக் கிடையாது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். எழுந்து, யாருக்கு ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ஜெஃப்ரிஸ் 212, மெக்கார்த்தி 203. சொந்தக் கட்சியில் 19 பேர் வேறு பெயர்களைச் சொன்னார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காததால், 100 வருஷத்தில் முதல் தடவையாக முதல் சுற்றில் சபாநாயகர் வரவில்லை.

புதிய சபை தொடங்கும் நாளில் சி-ஸ்பான் தன் சொந்தக் கேமராக்களை உள்ளே வைக்க அனுமதி உண்டு. மற்ற சமயம் அது ஒரு நாளோடு முடிந்துவிடும். சபாநாயகர் வராததால் இந்தத் தடவை நாலு நாள் நீண்டது. அந்த நாலு நாள் கேமரா எங்கே வேண்டுமானாலும் போனது. மெக்கார்த்தியை எதிர்த்த அவர் கட்சிக்காரர் மேட் கேட்ஸ், ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸிடம் போய்க் குனிந்து பேசிக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம். என்ன பேச்சு என்று நிருபர்கள் கேட்டார்கள். ஜனநாயகக் கட்சியினர் சிலர் வெளியே போய்விடுவார்கள், தேவையான எண்ணிக்கை குறையும் என்று மெக்கார்த்தி தன் ஆட்களிடம் சொல்கிறாராம், உண்மையா என்று கேட்ஸ் கேட்டதாகவும், அப்படி ஒன்றும் கிடையாது என்று தான் சொன்னதாகவும் ஒகாசியோ-கார்டெஸ் விளக்கினார். கேமரா மேடையையே காட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

14-ஆவது சுற்று நடக்கும்போது நமக்குச் சனிக்கிழமை காலை. அச்சுக்கு அனுப்ப வேண்டிய பக்கங்களை அப்படியே வைத்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கேட்ஸ் தன் பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை. கடைசியில் எழுந்து "பிரசென்ட்" என்றார். வந்திருக்கிறேன், யாருக்கும் ஓட்டு இல்லை என்று அர்த்தம். இப்படிச் சொல்பவர்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடுவார்கள். 434-ல் இரண்டு பேர் கழிந்து 432, தேவை 217. மெக்கார்த்திக்கு 216. ஒன்று குறைந்தது. மெக்கார்த்தி நேராகப் பின்வரிசைக்கு, கேட்ஸிடம் நடந்தார். பேசினார். தலையைக் குனிந்தபடி திரும்பினார். அப்புறம் அலபாமாவின் மைக் ராஜர்ஸ் கேட்ஸ் மேல் பாய்வதுபோல் போக, ரிச்சர்ட் ஹட்சன் பின்னாலிருந்து அவர் வாயைச் சேர்த்துப் பிடித்து இழுத்தார். மார்ஜரி டெய்லர் கிரீன் நீட்டிய போன் திரையில் "டி.டி." என்ற எழுத்து. டிரம்ப் லைனில் இருக்கிறார். மெக்கார்த்தியை எதிர்த்துக்கொண்டிருந்த மேட் ரோசன்டேல் அதை வாங்காமல் கையால் விலக்கினார். திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே பேரம் படிந்தது. மெக்கார்த்தி விறுவிறுவென்று முன்னால் வந்து, சிவப்பு அட்டையைக் கொடுத்துத் தன் ஓட்டைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று மாற்றினார். 15-ஆவது சுற்றில் ஆறு பேர் "பிரசென்ட்". 428 பேருக்கு 215 போதும். அதே 216 அவரை ஜெயிக்க வைத்தது.

இதில் வெட்கப்பட ஒன்று உண்டு. அது 15 சுற்று இல்லை, மெக்கார்த்தி கொடுத்த விலை. ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால் சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஒத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்டோபர் 2-ஆம் தேதி அதே கேட்ஸ் அதே தீர்மானத்தைக் கொண்டுவந்து, மறுநாள் 216-210-ல் இறக்கினார். அமெரிக்காவில் எந்தச் சபாநாயகருக்கும் முன்பு நடக்காதது. அடுத்த 22 நாள், மைக் ஜான்சன் வரும் வரை, சபை ஒரு மசோதாவும் நிறைவேற்றவில்லை. நாற்காலிக்காக நாற்காலியின் காலையே அறுத்துக் கொடுத்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பேரமும் நமக்குத் தெரிந்தே நடந்தது.

ஜனவரி 9-ஆம் தேதி புதிய சபையின் விதிகள் 220-213-ல் நிறைவேறின. கேமரா மறுபடி மேடையைப் பார்த்து நின்றுவிட்டது. தங்கள் கேமராக்களை நிரந்தரமாக வைக்க அனுமதி கேட்டு சி-ஸ்பான் மறுநாளே மெக்கார்த்திக்குக் கடிதம் எழுதியது. அவற்றை அனுமதிக்க விதியைத் திருத்த வேண்டும் என்று முன்வந்தவர் மேட் கேட்ஸ். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.