வீட்டுக் கணினியில் பிள்ளைகள் இணையம் பார்ப்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஏழாவது படிக்கும் மகன், நான்காவது படிக்கும் மகள், இருவருக்கும் சேர்த்து விண்டோஸ் 11 போட்ட ஒரே கணினி, ஃபைபர் இணைப்பு. காசு கொடுத்து வாங்க நல்ல மென்பொருள் எது, பையனுக்குத் தெரியாமல் அவன் பார்ப்பதைக் கண்காணிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: எதையும் வாங்க வேண்டாம். இரண்டாவதற்கு: வழி உண்டு, ஆனால் அதைச் செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஈரோட்டில் கணினி விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. கோடை விடுமுறை விட்டால் போதும், "ஏனுங்ண்ணா, பையன் ராத்திரியெல்லாம் அதுலயே உக்காந்திருக்கறான், ஏதாச்சும் லாக்கு போட்டுக் குடுங்க" என்று சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது பையன் எந்த அக்கவுன்ட்டில் நுழைகிறான் என்பதை. வீட்டில் ஒரே அக்கவுன்ட்தான் இருக்கும், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் அதில்தான். கொத்துச்சாவியைப் பையன் இடுப்பில் செருகிவிட்டு பீரோவுக்குப் புதுப் பூட்டு விலை கேட்கிற கதை இது. அட்மின் உரிமை உள்ளவன் எந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளையும் அழிக்கலாம், எந்த அமைப்பையும் பழையபடி மாற்றலாம். ஐயாயிரம் ரூபாய் மென்பொருளும் அவனிடம் செல்லாது.

ஆகவே பிள்ளைகள் இருவருக்கும் தனித்தனி அக்கவுன்ட் போடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் போனால் அதற்கான இடம் இருக்கிறது. வகை 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று இருக்க வேண்டும். அட்மின் அக்கவுன்ட் உங்களுடையது மட்டும். இனி ஏதாவது மென்பொருளைக் கணினி முழுவதற்கும் நிறுவவோ, நெட்வொர்க் அமைப்பை மாற்றவோ போனால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு பெட்டி எழும். அந்தப் பாஸ்வேர்டு வண்டி நம்பராகவோ பிறந்த வருஷமாகவோ இருந்தால் இவ்வளவும் வீண். நான்கு இலக்க பின் நம்பரை நீங்கள் அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது ஒரே தடவையில் மனப்பாடம்.

இது முடிந்த பிறகுதான் வடிகட்டி. எனக்குப் பிடித்தது டி.என்.எஸ். வழி. தளத்தின் பெயரைத் தட்டியதும் அதை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். சேவை. சாதாரணமாக உங்கள் இணைப்பு நிறுவனத்தின் சேவையே இதைச் செய்யும். அதற்குப் பதிலாக, ஆபாசத் தளங்களுக்கு முகவரி தர மறுக்கிற சேவையைப் போட்டுவிடலாம். கிளவுட்ஃப்ளேர் 2020இல் குடும்பங்களுக்கென்று தொடங்கியது 1.1.1.3 (துணை எண் 1.0.0.3). வைரஸ் பரப்பும் தளங்களையும் சேர்த்தே தடுக்கும். ஓப்பன் டி.என்.எஸ். நிறுவனத்தின் ஃபேமிலி ஷீல்டும் இதே வேலையைச் செய்கிறது: 208.67.222.123, 208.67.220.123. இரண்டும் இலவசம், பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. பார்த்த தடம் ஹிஸ்டரியில் பதியாத இன்காக்னிடோவில் திறந்தாலும் தடை தடைதான். ஹிஸ்டரியை மட்டும் பார்த்துவிட்டு "நம்ம பையன் நல்லவன்" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் கவனிக்க.

இதை ரவுட்டரில் போடுவதா, கணினியில் போடுவதா? முடிந்தால் இரண்டிலும். ரவுட்டரில் போட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசி, டிவி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் இணைப்பு நிறுவனங்கள் தருகிற ரவுட்டர்கள் சிலவற்றில் டி.என்.எஸ். மாற்ற விடமாட்டார்கள். மாற்ற விட்டாலும், ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு அதன் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். உங்களைப் போலவே பையனும் அதைத் திருப்பிப் பார்ப்பான். முதலில் அதை மாற்றுங்கள்.

கணினியில் போடும்போது இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, விண்டோஸ் 11இல் வைஃபை பெயரைச் சொடுக்கி அதன் ப்ராப்பர்ட்டீஸில் டி.என்.எஸ். போட்டால் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான் பொருந்தும். அப்பாவின் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் தடை போயே போச்சு. 'ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ்' என்ற இடத்தில் போட வேண்டும், அப்போது எந்த வைஃபையில் இணைந்தாலும் அதுவே நிற்கும். இரண்டாவது, ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரி. நம் ஊரில் பெரிய நிறுவனங்களின் இணைப்பில் பழைய ஐ.பி.வி.4 முகவரியோடு இதுவும் சேர்ந்தே வருகிறது. 1.1.1.3 போட்டும் எல்லாத் தளமும் திறக்கிறது என்று என்னிடம் திரும்பி வருபவர்களின் கணினியில் பெரும்பாலும் ஐ.பி.வி.6க்கான டி.என்.எஸ். பெட்டி காலியாகத்தான் இருக்கும். அதில் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்ற இரண்டையும் போட்டால் அந்தக் கதவும் அடைபடும்.

இன்னும் ஓட்டைகள் உண்டு. கைபேசியை யூ.எஸ்.பி. கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டால் கணினிக்கு அது புதிய நெட்வொர்க் அடாப்டர், நீங்கள் போட்ட எண்கள் அதற்குப் பொருந்தாது. உங்கள் கைபேசிக்குப் பூட்டுப் போடுவதைத் தவிர இதற்கு எளிய வழி இல்லை. பிரவுசருக்குள்ளேயே 'செக்யூர் டி.என்.எஸ்.' என்று ஒன்று இருக்கிறது. அதில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸில் போட்டதைத் தாண்டிப் போய்விடும். இதை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு வழியாக மொத்தமாக அணைக்கலாம். அதற்கு அட்மின் உரிமை வேண்டும், தெரிந்தவர் ஒருவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள். அப்புறம், ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட்டில் எதையுமே நிறுவ முடியாது என்று நம்பிவிடாதீர்கள். தன் அக்கவுன்ட்டுக்குள் மட்டும் நிறுவிக்கொள்ளும் பிரவுசர்கள் உண்டு. நிறுவாமலே டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து ஓடி, தடைகளைத் தாண்டிப் போகும் டோர் பிரவுசர் போன்றவையும் உண்டு.

இதற்காகத்தான் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியையும் கூடவே போடச் சொல்கிறேன். அதுவும் இலவசம். பிள்ளைக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும், கணினிக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுன்ட்டில் வேலை செய்யாது. இதன் இணைய வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் ஓடும். அதனால் வடிகட்டியைப் போட்டதும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை பிள்ளையின் அக்கவுன்ட்டில் தடைபடும். "குரோம் வேலை செய்யலைங்ணா, வைரஸா?" என்று கேட்டு வருவார்கள். வைரஸ் இல்லை, அதன் வேலையே அதுதான். எட்ஜிலேயே படிக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. தினமும் எத்தனை மணி நேரம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்றும் இதில் வரம்பு போடலாம். நேரம் முடிந்ததும் பிள்ளை கூடுதல் நேரம் கேட்டால் உங்கள் கைபேசிக்கு வரும், அலுவலகத்தில் இருந்தே முடிவு சொல்லலாம். மகளுக்கு நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும்படி வைத்துவிடுங்கள். நான்காம் வகுப்புக்கு அது போதும். மகனுக்கு அப்படிச் செய்தால் ஒவ்வொரு வீட்டுப்பாடத்துக்கும் உங்களுக்குத்தான் தொலைபேசி வரும்.

பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அக்காவுக்கு வந்த கணினியைத் தம்பி இப்போது வைத்திருக்கிறான். நீங்கள் விண்டோஸில் எத்தனை பூட்டு போட்டாலும் அவன் பாஸில் பூட் செய்து சுதந்திரமாக உலாவுவான். பென்டிரைவில் லினக்ஸ் போட்டுக் கிளப்பினாலும் இதே கதைதான். கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸில் பாஸ்வேர்டு போட்டு, பென்டிரைவிலிருந்து கிளம்புவதை அணைத்துவிட வேண்டும்.

இனி, இதில் எதற்கும் அடங்காத விஷயம்: யூடியூப். கடைக்கு வரும் பெற்றோர் ஆபாசத் தளம் என்று பயந்து வருகிறார்கள். உட்கார்ந்து பேசினால், பிள்ளையின் நேரத்தைத் தின்பது யூடியூபும் விளையாட்டும்தான் என்று தெரியும். டி.என்.எஸ். வடிகட்டிக்கு யூடியூப் என்றால் ஒரே பெயர். அதற்குள் கணக்குப் பாடமும் ஓடும், கண்டதும் ஓடும், அதைப் பிரித்துப் பார்க்க வடிகட்டியால் முடியாது. யூடியூபில், பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோட் இருக்கிறது. அதைப் பிள்ளையே அணைக்க முடியாதபடி செய்ய, எந்தத் தளத்துக்கு எந்த எண் என்று கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யூடியூபின் முகவரிகளை 216.239.38.120 என்ற எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். கூகுள் தேடலில் ஆபாச முடிவுகளை மறைக்கும் 'சேஃப் சர்ச்' வசதியைக் கட்டாயமாக்கவும் இதே எண்தான். அந்தக் கோப்பைத் திருத்த அட்மின் உரிமை தேவை என்பதால் பையன் கை வைக்க முடியாது. இந்த முறையில் கமென்ட்டுகளும் மறைந்துவிடும், அது தனி லாபம். ஆனால் இதை முழுசாக நம்ப வேண்டாம். தமிழில் கெட்ட வார்த்தை பொழிகிற கேம் வீடியோக்கள் இதைத் தாண்டி வருவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மருத்துவப் பாடங்கள் சில சமயம் மாட்டிக்கொள்ளும்.

இதைவிட எனக்குப் பயன்பட்ட வேலை ஒன்று உண்டு. பிள்ளையின் கூகுள் அக்கவுன்ட்டில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு, சேமிப்பதையும் நிறுத்திவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, ஹிஸ்டரி இல்லாத அக்கவுன்ட்டுக்கு யூடியூப் முகப்பில் சிபாரிசு வீடியோக்களைக் காட்டுவதில்லை. தேடும் பெட்டி மட்டும் வெறுமனே நிற்கும். பிள்ளை எதற்கு வந்ததோ அதைத் தேடி எடுக்க வேண்டும். ஆட்டோபிளேயையும் அணைத்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவது பாதி குறையும். என் பெண்ணின் அக்கவுன்ட் இப்படித்தான் இருக்கிறது. முதல் வாரம் "போர் அடிக்குதுப்பா" என்றாள். அதற்குத்தானே செய்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பிள்ளைக்குத் தெரியாமல் ஒவ்வொரு எழுத்தையும், திரையையும் பதிவு செய்து அனுப்பும் மென்பொருள்கள் விற்கிறார்கள். என் கடையில் யார் கேட்டாலும் போட்டுத் தர மாட்டேன். நெறிமுறை கிடக்கட்டும், நடைமுறையைச் சொல்கிறேன். அந்தப் பதிவெல்லாம் எங்கேயோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. இந்த வகையில் பெயர் பெற்ற எம்ஸ்பை நிறுவனத்திலிருந்து 2015, 2018, 2024 என்று மூன்று முறை தகவல்கள் வெளியே கசிந்தன. பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக அவன் அரட்டையையும் படத்தையும் நீங்களே கொண்டுபோய் அந்நியனிடம் கொடுப்பதில் என்ன அர்த்தம்? நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது. நிறுவனங்கள் அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பெற்றோரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்தாதுதான். இருந்தாலும் ஒரு நிறுவனத்துக்குக் கூடாதென்று சட்டம் சொன்ன காரியத்தை வீட்டில் திருட்டுத்தனமாகச் செய்ய எனக்கு மனசு வராது.

இன்னொன்றும் இருக்கிறது. விளையாட்டின் சாட் வழியாக ஒருவன் பழகி, படம் கேட்டு வாங்கி, பிறகு மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வடிகட்டியும் இதைப் பிடிக்காது. அப்போது பிள்ளை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். ஒளிந்து பார்க்கிற அப்பா என்று தெரிந்துவிட்டால் வர மாட்டான். வந்து சொன்னால் முதலில் திட்டாதீர்கள், மிரட்டுபவனுக்குக் காசு அனுப்பாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. தேசிய சைபர் குற்றத் தளத்தில் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பொருள்களைப் பற்றி உங்கள் பெயர் சொல்லாமலேயே புகார் தரலாம். படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. காணாமல்போன குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் ஒன்று நடத்துகிறது. படம் உங்கள் கணினியை விட்டுப் போகாது, அதிலிருந்து எடுத்த அடையாளக் குறி மட்டும்தான் போகும். அதை வைத்து அதில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிடும்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு வேலை செய்கிறதா என்று பார்க்க, பையனின் அக்கவுன்ட்டில் நீங்கள் நுழைந்து சோதிக்கலாம். நான் கடையில் செய்வது வேறு. பையனையும் கூட்டி வரச் சொல்வேன், என்னென்ன பூட்டு போட்டிருக்கிறது என்று அவனிடமே காட்டுவேன். "தம்பி, ஒரு வாரம் டைம், எதையாவது உடைச்சுட்டு எப்படின்னு அப்பாகிட்டச் சொல்லு, ஒரு கேமிங் மவுஸ் தர்றேன்" என்பேன். இரண்டு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். மேலே சொன்ன யூ.எஸ்.பி. டெதரிங் ஓட்டை அவர்களில் ஒருவன் காட்டியதுதான். உங்கள் பையனிடமும் கேட்டுப் பாருங்கள், புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.