விரலுக்கு ஒரு வாழ்த்து அட்டை

வணக்கம்.

ரப்பர் ஸ்டாம்பும், ஈர மையின்மேல் தூவிச் சூடாக்கினால் உருகிப் புடைப்பாக நிற்கும் எம்பாசிங் பவுடரும் வைத்து வீட்டிலேயே வாழ்த்து அட்டைகள் செய்து நெருங்கியவர்களுக்குக் கொடுப்பது என் வழக்கம். அண்மையில் உறவினர் ஒருவர், “படம் யாரோ வரைந்தது, ஸ்டாம்ப் யாரோ செய்தது. நீ மையைத் தொட்டு அழுத்துகிறாய். இதைக் கையால் செய்தது என்று எப்படிச் சொல்கிறாய்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஸ்டாம்பை எடுத்தாலே அந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

இன்னொரு விஷயம். என் அத்தைக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது முழுவதும் போய்விட்டது. பிரெய்ல் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் கொடுத்த அட்டைகளையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பவர் அவர். அவருடைய பிறந்தநாளுக்கு எம்பாஸ் செய்த அட்டை கொடுத்தால் தொட்டுப் பார்த்து மகிழ்வார் என்று நினைக்கிறேன். ஆனால் எனக்கு எம்பாசிங் சரியாக வருவதில்லை. படத்தைச் சுற்றிப் பொடி புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்கிறது. சில கோடுகள் உருகியபின் எண்ணெய்க் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடுகின்றன. அட்டையும் வளைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

அத்தையின் அட்டையிலிருந்தே தொடங்குகிறேன். உறவினர் கேட்ட கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மேடாக்கிவிட்டால் போதும், விரல் தானே படித்துக்கொள்ளும் என்று பார்வை உள்ளவர்கள் எளிதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையை வைத்து ஒரு பள்ளிக்கூடமே நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியில், ஈரத் தாளை எழுத்து அச்சுகளின்மேல் அழுத்தி, கண்ணால் படிக்கும் அதே லத்தீன் எழுத்துகளைப் புடைப்பாக எழுப்பிப் புத்தகங்கள் செய்தார்கள். பார்வைக்கு அழகான புத்தகங்கள். ஆனால் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிவந்து, இது இன்ன எழுத்து என்று முடிவுசெய்து, பிறகு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகும் அளவுக்கு மெதுவான வேலை. அந்தப் பள்ளியில் 1819இல் பத்து வயதில் சேர்ந்தவர் லூயி பிரெய்ல். ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி முறையை அவர் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824இல், பதினைந்து வயதிலேயே, அந்த முறையின் அடிப்படை அவர் கையில் இருந்தது. 1829இல் அதை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளும் ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். சுற்றிவரத் தேவையில்லை.

உங்கள் அட்டைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. பிரெய்ல் புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் தூரம். உயரம் அரை மில்லிமீட்டர் அளவு. விரல் வசதியாகப் பிரித்தறியும் அளவு அது. இப்போது உங்கள் பெட்டியில் இருக்கும் ஸ்டாம்புகளை எடுத்துப் பாருங்கள். இதழ்களுக்குள் நிழல்கோடு, இலைக்குள் நரம்பு, பின்னால் கொடி, அதன்மேல் வண்ணத்துப்பூச்சி என்று மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக நெருங்கியிருக்கும். கண்ணுக்கு அது தோட்டம். விரலுக்குச் சொரசொரப்பான ஒரு திட்டு, அவ்வளவுதான். எனவே அத்தைக்கு உங்களிடமுள்ள மிக அழகான ஸ்டாம்பைத் தேடாதீர்கள். வெளிக்கோடு தடித்து, உள்ளே வெறுமையாக இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். ஒற்றை இலை, நடுவில் ஒரே நரம்பு. அல்லது ஐந்து இதழ் உள்ள பூ, இதழ்களுக்கிடையே நல்ல இடைவெளியோடு. ஒன்றையொன்று மறைக்கும் உருவங்கள் வேண்டாம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கிறது என்பது பார்வையின் கணக்கு. விரலுக்கு இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்வது மட்டும்தான் தெரியும்.

உங்கள் அத்தை பார்த்து வாழ்ந்தவர். இலை எப்படி இருக்கும் என்பது அவர் நினைவில் இருக்கிறது. அது பெரிய துணை. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குச் செய்வதாக இருந்தால் இன்னும் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் எம்பாசிங். நீங்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு.

சுற்றிலும் பொடி ஒட்டுவது தாளில் இருக்கும் நிலைமின்சாரத்தாலும், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்காலும், ஈரத்தாலும். எம்பாசிங் பவுடர் என்பது பொடித்த பிளாஸ்டிக் பிசின். அது மிக லேசானது. எந்தச் சாக்கு கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாம்பை இறக்குவதற்கு முன்பே தாள் முழுக்க ஆன்டி-ஸ்டாட்டிக் பையால் (நிலைமின்சாரத்தைப் போக்கும் பொடி நிரப்பிய சிறு பை) மெல்லத் தடவுங்கள். பை இல்லையென்றால் துணியில் முடிந்த கொஞ்சம் டால்கம் பவுடர் போதும். அதிகம் தடவினால் மை பிடிக்காது. இந்தத் தடவலை ஸ்டாம்ப் அடித்தபின் செய்து பயனில்லை. பின்னணிக்கு ஏற்கெனவே வண்ணம் தீட்டியிருந்தால் அது எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். கையால் தொட்டு ‘காய்ந்துவிட்டது’ என்று நினைக்கும்போதும் வாட்டர்கலர் தாளின் உள்ளே ஈரம் இருக்கும். பொடியைத் தூவிக் கொட்டியபின், தாளின் பின்புறத்தை விரலால் ஒருமுறை சுண்டுங்கள். அப்படியும் போகாத துகள்களைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் எடுத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். கண்ணுக்காகச் செய்யும் அட்டையில் இரண்டு துகள்கள் மின்னினால் குடிமுழுகிப் போகாது. பிரெய்ல் கற்கும் ஒருவருக்கு வழிதவறிய ஒரு துகளும் ஒரு புள்ளிதான்.

எண்ணெய்க் கறை, சூடு அதிகமானதன் அடையாளம். உருகிய பிசின் மேலே நிற்காமல் தாளின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை முதலில் தாளைவிட்டு விலக்கிப் பிடித்துச் சில விநாடிகள் ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். ஆறிய கன்னைத் தாளின்மேல் பிடித்துக்கொண்டு அது சூடேறும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலும் வினையாகிறது. தாளிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஓர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். மணலாகத் தெரியும் கோடு சட்டென்று கண்ணாடியாகப் பளபளக்கும். அந்தக் கணத்திலேயே அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். முடி உலர்த்தும் டிரையர் இதற்கு உதவாது. அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பொடி உருகுமுன் பறந்துவிடும். சூடு குறைந்தாலும் கெடுதல் உண்டு. அரைகுறையாக உருகிய கோடு சொரசொரவென்று இருக்கும், அட்டையை மடக்கினால் உதிரும். விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் உருகாத இடம் மங்கலாகக் காட்டிக்கொடுக்கும்.

வளைவதற்குக் காரணம், சூடு பட்ட பக்கத்தில் தாளின் ஈரப்பதம் போய் அந்தப் பக்கம் மட்டும் சுருங்குவது. தாளின் அடியிலிருந்தும் சூடு காட்டுங்கள், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பிசின் முழுவதும் ஆறி இறுகியபின் கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும். எப்படியானாலும் அட்டையிலேயே நேராக எம்பாஸ் செய்வதைவிடத் தனித் துண்டில் செய்து, நன்றாக வந்ததை மட்டும் அட்டையில் ஒட்டுவது நல்லது.

மை பற்றி ஒரு வரி. சாதாரண டை இங்க் தாளில் பட்டவுடன் காய்ந்துவிடும், பொடி ஒட்டாது. எம்பாசிங்குக்கென்று விற்கும் நிறமற்ற மையோ, மெதுவாகக் காயும் பிக்மென்ட் இங்க்கோதான் வேண்டும்.

விரலுக்கு உயரம் போதாது என்பது அடுத்த சிக்கல். நுண்கோடுகளுக்கான ஃபைன் பவுடர் மிக மெல்லிய படலமாகத்தான் நிற்கும். அத்தைக்குச் செய்வதில் பெரிய துகள் உள்ள, அல்ட்ரா திக் என்று சொல்லும் பவுடரைப் பயன்படுத்துங்கள். முதல் அடுக்கு உருகிச் சூடாக இருக்கும்போதே அதன்மேல் மறுபடி தூவினால் அந்த உருகிய கோட்டில் மட்டும் பிடித்துக்கொள்ளும். திரும்ப உருக்குங்கள். இப்படி இரண்டு மூன்று அடுக்கு ஏற்றினால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். கோடு கொஞ்சம் பருக்கும் என்பதால்தான் இடைவெளியுள்ள ஸ்டாம்ப் வேண்டும் என்றேன். லேசான சொரசொரப்புள்ள தாளில் இந்த வழவழப்பான கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அத்தகைய தாளில் ஸ்டாம்ப் ஒரே அடியில் முழுதாகப் பதியாது. ஸ்டாம்பை ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் ஸ்டாம்ப் பொசிஷனர் இருந்தால் இடம் மாறாமல் இரண்டாவது முறையும் இறக்கலாம்.

மேடுபள்ளமாக வடிவம் வார்த்த பிளாஸ்டிக் ஃபோல்டரில் தாளை வைத்து மெஷினில் ஓட்டும் உலர் எம்பாசிங்கும் உங்களிடம் இருக்கலாம். அட்டை முழுக்கச் சித்திரவேலை எழுப்பும் ஃபோல்டர்களை இந்த ஒரு அட்டையில் தவிர்த்துவிடுங்கள். பின்னணியே மேடும் பள்ளமுமாக இருந்தால் இலை அதில் தொலைந்துவிடும். ஸ்டென்சிலை விளக்கொளியில் வைத்து, தாளைக் கவிழ்த்து, உருண்டை முனை ஸ்டைலஸால் பின்புறமிருந்து ஓரங்களை அழுத்தும் பழைய முறை இதற்குப் பொருத்தம். பெரிய, எளிய வடிவம் மெத்தென்று எழும்பும். கவிழ்த்து வேலை செய்வதால் படம் இடவலம் மாறும், ஸ்டென்சிலையும் திருப்பி வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்லேட் என்ற துளைச் சட்டமும் ஸ்டைலஸ் என்ற குத்தூசியும் கொண்டு பிரெய்ல் எழுதுபவர்கள் செய்வதும் இதையேதான். பின்புறமிருந்து, வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகக் குத்துகிறார்கள். தாளைத் திருப்பினால் முன்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இத்தனை நாள் எம்பாஸ் செய்த கைக்கு அது அந்நியமாக இருக்காது. உள்ளே எழுதும் வாழ்த்தை நீங்களே பிரெய்லில் குத்துங்கள் என்று வற்புறுத்துவேன். தமிழுக்கு, இந்திய மொழிகளுக்கான பிரெய்ல் முறையான பாரதி பிரெய்ல் இருக்கிறது. ‘அ’வுக்கு முதல் புள்ளி ஒன்று மட்டும், அங்கிருந்தே தொடங்கலாம். நீளமாக வேண்டாம். வாழ்த்தும், முன்னால் இருக்கும் படம் இன்னது என்பதும், உங்கள் பெயரும். படம் இன்னது என்று எழுதுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஓர் ஓவியத்தின் கீழே தலைப்பு இருப்பதில்லையா? எழுத்துக் கற்றுக்கொண்டிருப்பவர், தான் படித்ததை விரலாலேயே படத்தில் சரிபார்த்துக்கொள்ளவும் அது உதவும்.

அட்டையின் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் கையால் பிரெய்ல் குத்துவது கடினம். 150 ஜி.எஸ்.எம். அளவிலான தாளில் எழுதி, ஓரங்களில் மட்டும் பசை தடவி உள்ளே ஒட்டுங்கள். நடுவில் பசை தடவி அழுத்தினால் புள்ளிகள் நசுங்கும். ஒட்டியபின் புத்தகத்தின் அடியில் வைக்கும் பழக்கத்தையும் இந்த அட்டைக்கு விட்டுவிடுங்கள். எது மேல், எது கீழ் என்று தெரிய முன்பக்கத்தின் வலது மேல்மூலையைச் சாய்வாக வெட்டிவிட்டு, அதை அத்தையிடம் சொல்லிவைத்தால் போதும்.

உங்கள் உறவினரின் கேள்விக்கு வருகிறேன். ஸ்டாம்பின் கோடு வேறொருவருடையது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் லண்டனில் வந்தது. செய்யச் சொன்னவர் ஹென்றி கோல், வரைந்தவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி. கல்லச்சில் அடித்த பிறகு வண்ணம் கையால் தீட்டப்பட்டது. பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வரைந்த கை ஒன்று, தீட்டிய கை வேறு, பெயர் எழுதிய கை இன்னொன்று. அடுத்த ஆண்டு, 1844இல், சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதுவரை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து உடையும். அந்த முறை வந்தபின்தான் ரப்பரில் ஒரு கோட்டைச் செதுக்கி, எத்தனை முறை அழுத்தினாலும் மாறாமல் வைத்திருக்க முடிந்தது. ஸ்டாம்பின் பயனே அடுத்தவர் கைக்குப் போவதில் இருக்கிறது. அதை வரையும் ஓவியர்களுக்கும் அது தெரியும். ஸ்டாம்பு நிறுவனங்கள் பல, தங்கள் ஸ்டாம்பைக் கொண்டு கையால் செய்த அட்டைகளைச் சிறிய அளவில் விற்றுக்கொள்ளலாம் என்று ‘ஏஞ்சல் பாலிசி’ என்ற பெயரில் அனுமதி தருகின்றன. படத்தைப் படியெடுத்து அச்சடித்து விற்கத் தடை. படம் தங்களுடையது, அந்தப் படத்தை வைத்துக் கையால் செய்த அட்டை செய்தவருடையது என்ற கணக்கில்தான் அந்த அனுமதியே நிற்கிறது. இவ்வளவு தெளிவாக அவர்களே பிரித்துத் தந்திருக்கும்போது நீங்கள் தயங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இந்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தையின் விரலுக்கு எந்த உருவம் புரியும் என்று பெட்டியைக் கிளறி, தொண்ணூறு சதவீதத்தை ஒதுக்கி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கப்போவது நீங்கள். எந்தக் கணத்தில் சூட்டை விலக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கப்போவது நீங்கள். அந்த இலையை வரைந்த ஓவியருக்கு உங்கள் அத்தையைத் தெரியாது. உறவினர் மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஒரு ஸ்டாம்பை எம்பாஸ் செய்து பார்க்கச் சொல்லுங்கள். குத்தலாகச் சொல்லவில்லை. பொடி கண்ணாடியாக மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேலைமேல் பிரியம் வந்துவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. தபாலில் அனுப்புவதானால் கெட்டி அட்டைப்பெட்டியில் வையுங்கள். உருக்கிய கோடு தாங்கும், ஆனால் சாதாரண உறையில் போனால் பிரெய்ல் புள்ளிகளும் உலர் எம்பாசிங்கும் வழியில் நசுங்கிப்போகும். உள்ளே ஒட்டுவதற்கு முன் பிரெய்ல் தாளை, விரலால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது போதாது.

அன்புடன்.