நுரை அடங்கினால் தண்ணீர் சரியாகிவிட்டதா?

கேள்வி: ஐயா, கத்தரிக்குப் புழு மருந்தோடு ஒட்டும் திரவம் கலந்து அடித்தேன். மீதித் தண்ணீரைக் கொட்டி, டேங்கைப் பண்ணைக்குட்டையிலேயே கழுவிவிட்டேன். அன்று முழுக்க நுரை. மறுநாள் நுரை இல்லை, ஆனால் நாலைந்து கட்லா மிதந்தன. நுரை போனதால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? அதே திரவத்தை மறுபடி கலக்கலாமா? (காங்கேயம் பக்கத்து விவசாயி)

பதில்: மீன் செத்ததற்கு முதல் சந்தேகம் புழு மருந்தின் மேல்தான். ஒட்டும் திரவமும் சும்மா இருக்காது, செவுளைப் பாதிக்கும். செத்த மீனைப் புதைத்துவிடுங்கள், சமைக்க வேண்டாம். மற்ற மீன்கள் விடிகாலையில் வாயைப் பிளந்தபடி மேலே வந்தால், மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள்.

இனி நுரைக்கு வருவோம். மலிவான ஒட்டும் திரவங்கள் பலவற்றில் நானைல்பீனால் எத்தாக்சிலேட் என்ற சரக்கு இருப்பதுண்டு. அதன் ஒரு முனை எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும். மறுமுனை நீளமான சங்கிலி, அது தண்ணீரோடு சேரும். குட்டையில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தின்னும். சங்கிலியின் நீளம் குறையக் குறைய நுரைக்கும் திறன் போய்விடும். கடைசியில் மிஞ்சும் நானைல்பீனாலோ தாய்ச்சரக்கைவிட விஷம் கூடியது. தண்ணீரில் நிற்காமல் சேற்றிலும் மீனின் கொழுப்பிலும் போய் ஒட்டும். உடம்புக்குள் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும். 1991-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் சோதனைக் குழாயிலிருந்து நானைல்பீனால் கசிந்தபோதுதான் இந்தக் குணம் பிடிபட்டது.

நன்னீர் உயிர்களுக்கு நீண்டகால வரம்பாக அமெரிக்கா 2005-இல் வைத்தது லிட்டருக்கு 6.6 மைக்ரோகிராம். ஒரு கிராம் இருந்தால் ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். ஐரோப்பாவில் 2005 முதலே பல உபயோகங்களுக்கு இதற்குத் தடை.

காற்றில்லாத அடிச்சேற்றில் இது வருடக்கணக்கில் கிடக்கும். காற்றுப் பட்ட மண்ணில் சில வாரங்களிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் கோடையில் குட்டையை வற்றவிட்டு, வண்டலை வெடிப்பு விடும் வரை காயப்போட்டு, பிறகு வயலில் பரப்பி உழுதுவிடுங்கள். ஈரச்சேற்றை அப்படியே அள்ளிக் கொட்ட வேண்டாம்.

அடுத்த முறை, பாட்டிலில் என்ன சரக்கு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நானைல்பீனால் என்றால் விட்டுவிட்டு, ஆல்கஹால் எத்தாக்சிலேட் இருப்பதாக வாங்குங்கள். அது எளிதில் மட்கும். அளவு லேபிளில் உள்ளதுதான். நுரை கூடினால் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள், உண்மையில் இலையிலிருந்து வழிந்துதான் போகும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 100 லிட்டருக்கு 200 கிராம் காதி சோப்பே போதும். ஆனால் உங்கள் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு திரிந்துவிடும், முதலில் ஒரு சொம்பில் கரைத்துப் பாருங்கள்.

டேங்கை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை அதே கத்தரி வரிசையில் அடித்துவிடுங்கள்.